வேருக்கு முதலில் காற்று, பிறகுதான் உரம்

மழை விட்டுப் பத்து நாளாகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல் தோப்பில் தென்னையின் வட்டப்பாத்தி இன்னும் சொதசொதவென்று கிடக்கிறது. கீழ்மட்டைகள் மஞ்சளாகின்றன. மலைமேல் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ பள்ளத்தில் நிற்கும் சாதிக்காய் மரத்தின் இலையும் அதே நிறத்துக்கு வருகிறது. பார்த்ததும் கை உர மூட்டைக்குப் போகும். அந்தக் கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதற்காகவே இந்த அத்தியாயம். மண்ணில் சத்து இருக்கிறது. அதை எடுக்க வேருக்குத் தெம்பில்லை. வேர் மூச்சு விட்டால்தான் தெம்பு வரும்.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் கிழக்கு எல்லையிலும் மரம் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இதைப் படித்து முடித்தால் மூன்று வேலைகளை நீங்களே செய்யலாம்: வேர் மூச்சுத் திணறுகிறதா என்று கண்டுபிடிப்பது, திணறும் மரத்துக்கு முதலுதவி செய்வது, அடுத்த மழைக்குள் நிலத்தைச் சரிசெய்வது.

இவ்வளவு தெரிந்தால் போதும்

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பொலபொலவென்ற மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலும் ஏறக்குறைய அதை ஒட்டிய அளவு உண்டு. இடுக்குகளில் தண்ணீர் ஏறினால் காற்று வெளியேறிவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீருக்குள் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைவு. மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் வேரும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும்.

நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாஷ் போன்ற சத்துகளை வேர் சக்தி செலவழித்துத்தான் உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு சர்க்கரை மூலக்கூற்றிலிருந்து சுமார் 30 அலகு சக்தி கிடைக்கும். இல்லாவிட்டால் 2 அலகுதான். அதன் பிறகு நடப்பவை:

- சத்து உள்ளே போவது குறைகிறது. ஏற்கெனவே வேரில் இருந்த பொட்டாஷும் வெளியே கசிகிறது.
- சோடியம், குளோரைடு போன்ற உப்புகளைத் தடுக்கும் காவல் தளர்கிறது. வேண்டாத உப்பு மரத்துக்குள் ஏறுகிறது.
- மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் போட்ட தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிடுகிறது.
- புளிப்பான மலைமண்ணில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து வேரைச் சுடுகின்றன. சுண்ணாம்பு கலந்த கரிசலில் இதற்கு நேர்மாறாக, மரத்தால் இரும்பைப் பயன்படுத்த முடியாமல் போகிறது.

முதல் சோதனை: குழி தோண்டிப் பார்ப்பது

தேவையானவை: மண்வெட்டி, கடப்பாரை, கைக்கொத்து, அளவுகோல், ஒரு வாளித் தண்ணீர், ஒரு வெள்ளைத் துணி.

1. நோயுற்ற மரம் ஒன்றையும் அதே வயதில் நன்றாக இருக்கும் மரம் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தீர்ப்பு தவறும்.
2. தென்னை என்றால் தண்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளித் தோண்டுங்கள். மா, சாதிக்காய், பலா என்றால் கிளைநுனியிலிருந்து மழைநீர் சொட்டும் வட்டத்துக்குச் சற்று உள்ளே தோண்டுங்கள்.
3. குழி 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம் போதும். கடைசி ஓரடியைக் கைக்கொத்தால் மெதுவாக எடுங்கள். வேர் அறுபடக்கூடாது.
4. தோண்டிய உடனே மண்ணை முகர்ந்து பாருங்கள். நல்ல மண்ணுக்குப் புதுமழை வாசனை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து பல நாளாகிவிட்டது.
5. நிறம் பாருங்கள். இடுக்கிச் செம்மண்ணில் சாம்பல் திட்டும் துருநிறப் புள்ளிகளும் கலந்திருந்தால் அந்த மட்டம் வரை தண்ணீர் ஏறி நின்றிருக்கிறது. சாம்பல் நிறக் கட்டி ஒன்றைப் பிளந்து நிழலில் வையுங்கள். மறுநாளுக்குள் அதன் மேற்புறம் துருநிறம் ஏறினால் ஐயமே வேண்டாம். கரிசலில் நிறம் ஏமாற்றும். அங்கே மூக்கையும் வேரையும் நம்புங்கள்.
6. பென்சிலைவிட மெல்லிய வேர்கள் சிலவற்றை எடுத்துத் தண்ணீரில் அலசி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். உயிருள்ள வேர்நுனி வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். வளைத்தால் முறுக்கு இருக்கும். இப்போது ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவுங்கள். நல்ல வேரின் தோல் அசையாது. மூச்சுத் திணறிச் செத்த வேரின் மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்துவிடும். நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.
7. பத்து வேரில் எத்தனைக்கு வெள்ளை நுனி இருக்கிறது என்று எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பின்னால் மரம் தேறுகிறதா என்று சொல்லப்போவது இந்த எண்ணிக்கைதான்.

இரண்டாம் சோதனை: தண்ணீர் வடியும் வேகம்

1. நீளம், அகலம், ஆழம் மூன்றும் 30 செ.மீ. உள்ள குழி எடுங்கள்.
2. மாலையில் நிறைய ஊற்றி இரவு முழுதும் ஊற விடுங்கள்.
3. காலையில் மறுபடி நிரப்பி, ஓர் அளவுகுச்சியை நட்டு வையுங்கள்.
4. ஒரு மணி நேரம் கழித்து மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் கவலையில்லை. 1 முதல் 2.5 வரை என்றால் வாய்க்கால் அவசியம். 1 செ.மீ.க்கும் குறைவு என்றால் வாய்க்காலும் மேடும் இரண்டும் வேண்டும்.

குறிப்பு: கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். வெடிப்பு தண்ணீரைக் குடித்துவிடும். வடிகால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். கேரளத்தில் கரிசல் இருப்பது பாலக்காட்டின் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். அந்த மண்ணின் குணம் ஈரம் பட்டதும் ஊதி, தன் இடுக்குகளைத் தானே மூடிக்கொள்வது. மண் நனைந்து வெடிப்பு மூடிய பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

இலை காட்டும் அடையாளங்கள்

- மண் ஈரமாக இருந்தும் நடுப்பகலில் இலை தொங்குகிறது: வேர் தண்ணீரையும் இழுக்க முடியாத நிலை. இதை வறட்சி என்று நினைத்து மேலும் நீர் பாய்ச்சுவதே மரத்தைக் கொல்லும்.
- கீழிலைகள் ஒரே சீராக வெளிறுகின்றன: தழைச்சத்து போதவில்லை.
- தென்னையின் கீழ்மட்டை ஓலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள், நுனி காய்தல்: பொட்டாஷ் போதவில்லை.
- கரிசலில் புதுத்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்பு எட்டவில்லை.
- மாமரத்தின் அடியில், தண்ணீர் நின்ற மட்டத்தை ஒட்டிப் பட்டையில் சிறு கொப்புளங்கள்: மரம் தானே உண்டாக்கிக்கொண்ட காற்று வழி. அதைச் சுரண்டாதீர்கள்.

முதலுதவி: முதல் 30 நாள்

1. முதல் நாள்: நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். வட்டப்பாத்தியின் வரப்பைத் தாழ்வான பக்கம் வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொட்டுநீர் போட்டிருந்தால் வால்வை மூடுங்கள்.
2. இரண்டாம் நாள்: தண்டின் அடியில் குவிந்த மண், குப்பை, சாணம் எல்லாவற்றையும் கையால் விலக்குங்கள். மா, சாதிக்காய் போன்றவற்றில் தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் வெளியே தெரிய வேண்டும். தென்னைக்கு இது பொருந்தாது. அதன் அடிவேர்களை மூடியுள்ள மண்ணை எடுக்காதீர்கள்.
3. முதல் வாரம் தோப்புக்குள் டிராக்டர், மாடு, சுமை வண்டி எதையும் விடாதீர்கள். ஈரமண் ஒருமுறை அழுந்தினால் இடுக்குகள் மூடிப்போகும்.
4. ஏழாம் நாள் வாக்கில் மேல்மண் கையில் ஒட்டாமல் உதிரும் நிலைக்கு வந்ததும், 5 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் முள்கொத்தால் கிளறுங்கள். மேலோடு உடைந்தால் காற்று இறங்கும். ஆழமாகக் கொத்தினால் பிழைத்திருக்கும் வேரும் அறுந்துவிடும்.
5. பத்தாம் நாளுக்குப் பிறகு, இலை வாடாமல் நிற்கும் மரங்களுக்கு மட்டும் இலைவழி உணவு கொடுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா. நான்கு நாள் கழித்துத் தனியாக 10 லிட்டருக்கு 100 கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ். தளிர் மஞ்சளாக இருந்தால் 10 லிட்டருக்கு 50 கிராம் இரும்பு சல்பேட்டும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும். மூன்றையும் ஒரே டாங்கியில் கலக்காதீர்கள். காலை வெயில் ஏறுமுன் தெளியுங்கள்.
6. மூன்று, நான்கு வாரம் கழித்துப் பழைய குழிக்குப் பக்கத்தில் மறுபடி தோண்டி வெள்ளை நுனிகளை எண்ணுங்கள். புதுநுனி தெரிந்தால், வழக்கமான உரத்தில் கால் பங்கை மட்டும் மக்கிய தொழுவுரத்தோடு கொடுங்கள். தெரியாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

முதலமடை மாந்தோப்புக்காரர்களுக்கு: ஐப்பசிக்குப் பின் மாவுக்கு யூரியா தெளிக்காதீர்கள். பூ வர வேண்டிய நேரத்தில் தளிர் தள்ளிவிடும்.

தென்னைக்கு ஒரு தனி வழி: உயர்ந்த மரத்தில் இலைவழித் தெளிப்பு நடக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை வேர்வழி கட்டலாம். பென்சில் கனமுள்ள, உயிருள்ள வேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். 200 மி.லி. டானிக் கரைசல் உள்ள பாலித்தீன் பையில் வெட்டுவாய் அடிவரை முங்கும்படி நுழைத்து நூலால் கட்டுங்கள். ஒரு நாளில் பை வற்றவில்லை என்றால் வேறு வேரைத் தேடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

நிரந்தர வேலை: கரிசலும் சமதளமும்

சித்தூர், வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புகளுக்கு இந்த வரிசை பொருந்தும்.

1. தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓடையா, ஏரியா, உங்கள் பண்ணைக்குட்டையா? பக்கத்துத் தோப்பில் கொண்டுபோய் விடாதீர்கள்.
2. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வாங்கி, தோப்பின் மேடு பள்ளத்தை அளந்து குச்சி நடுங்கள்.
3. வாய்க்கால் வெட்டுவதை வெளிவாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். மேலே இருந்து தொடங்கினால் பாதி வழியில் குளம் கட்டும்.
4. இரண்டு தென்னை வரிசைக்கு நடுவில் 60 செ.மீ. ஆழம், 10 மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. சரிவு. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் நடுவாய்க்கால் மரத்துக்கு எட்டவே இருக்கும். வேர் சேதம் குறைவு.
5. எடுத்த மண்ணைத் தண்டின் மேல் கொட்டாதீர்கள். வரப்பிலோ பாதையிலோ போடுங்கள்.
6. வாய்க்கால் வேலை செய்கிறதா என்று பார்க்க, துளையிட்ட 1 மீட்டர் பிவிசி குழாய் ஒன்றை மரங்களுக்கு நடுவே நட்டு வாயை மூடிவையுங்கள். பெருமழைக்குப் பின் மூன்றாம் நாள் குழாய்க்குள் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் கீழே போயிருக்க வேண்டும்.
7. புதுக்கன்று நடும்போது குழிக்குள் நடாமல், 45 முதல் 60 செ.மீ. உயர மேட்டில் நடுங்கள்.

ஜிப்சம் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். களர்த்தன்மை இருந்தால் மட்டுமே அது களிமண்ணைப் பொலபொலப்பாக்கும். கிருஷி பவன் மூலம் மண்ணைப் பரிசோதித்து, அவர்கள் சொல்லும் அளவில் போடுங்கள். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் பிரிந்த உப்பு வெளியேற வழியிருக்காது.

மரத்தைச் சுற்றி மண்ணில் துளை போட்டு மணலும் மக்கிய உரமும் நிரப்புவது நல்ல முறைதான். ஆனால் வாய்க்கால் வெட்டிய பிறகே அதைச் செய்யுங்கள். வடிகால் இல்லாத கரிசலில் ஒவ்வொரு துளையும் ஒரு தண்ணீர்ப் பானை.

நிரந்தர வேலை: மலைச்சரிவு

கம்பம்மெட்டு, குமுளி, பூப்பாறை, காந்தளூர்ப் பக்கத்தில் சரிவே பெரும்பாலும் தண்ணீரை வடித்துவிடும். சிக்கல் வருவது மூன்று இடங்களில்: சரிவின் அடிப்பள்ளம், ஜேசிபி வெட்டிய பாதையின் கீழ்ப்புறம், மண் கொட்டி நிரவிய வீட்டுமனை.

1. பாதை வெட்டிய மண் மரத்தின் அடியில் அரை அடி ஏறியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒரே மழையில் மரம் சாகாது. இரண்டு மூன்று வருடத்தில் உச்சிக்கிளை காயத் தொடங்கும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.
2. பள்ளத்தில் நிற்கும் சாதிக்காய், கிராம்பு மரங்களுக்கு மேற்புறம் பிறை வடிவில் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு வெட்டி, வரும் தண்ணீரை ஏற்கெனவே உள்ள கல்லோடைக்குத் திருப்புங்கள்.
3. இயற்கை நீரோடையை மண் போட்டு மூடாதீர்கள்.
4. வாய்க்காலின் வாயில் கல் அடுக்குங்கள். தண்ணீர் வேகமாக விழுந்தால் மண் அரித்துக்கொண்டு போகும்.

மரத்துக்கு மரம் தாங்கும் சக்தி

வெண்ணெய்ப்பழ மரம்தான் மிகவும் மென்மையானது; சில நாள் தண்ணீர் நின்றாலே வேரழுகல் பூஞ்சணம் ஏறிவிடும். பலாவும் பப்பாளியும் அதற்கு அடுத்து. இந்த மூன்றையும் பள்ளத்தில் நடவே வேண்டாம். மாவும் கொய்யாவும் ஓரளவு தாங்கும். தென்னை ஓடும் தண்ணீரைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. தென்னையின் வேரில் வெள்ளை முளைபோன்ற சிறு மூச்சுறுப்புகள் உண்டு. தோண்டும்போது அவற்றைக் கண்டால் நோய் என்று நினைத்து வெட்டாதீர்கள். ஏலத்தோட்டத்து நிழல் மரத்தில் மிளகு ஏறியிருந்தால் மரத்துக்கு முன்பே கொடி வாடும். மரத்தின் அடியில் ஈரம் நிற்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஈரம் வடியுமுன் உரம் போடுவது. தழைச்சத்து வாயுவாகும். மூரியேட் ஆஃப் பொட்டாஷில் உள்ள குளோரைடு, காவல் தளர்ந்த வேரில் நுழையும்.
- மக்காத சாணத்தையும் தென்னைநார்க் கழிவையும் பாத்தியில் குவிப்பது. அவை மக்கும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.
- “மேல்மண் காய்ந்திருக்கிறதே” என்று தினமும் சொட்டுநீர் திறப்பது. ஒரு சாண் தோண்டிப் பார்த்த பிறகு திறவுங்கள்.
- மரத்தைச் சுற்றி சிமென்ட் தளம் போடுவது.
- வாடிய மரத்தை உடனே கவாத்து செய்வது. இலைதான் புதுவேருக்கு உணவு அனுப்புகிறது. காய்ந்த கிளையை மட்டும் எடுங்கள். மற்றதை மூன்று மாதம் விடுங்கள்.

பாதுகாப்பு

- மழை பெய்யும்போது மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டாதீர்கள். ஊறிய மலைமண் எவ்வளவு பெரிய துயரம் தரும் என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கியின் பெட்டிமுடி நிலச்சரிவில் பார்த்தோம்; 70 உயிர்கள் போயின. தரையில் புதிய விரிசல், சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வேலையை நிறுத்தி ஆட்களைச் சரிவிலிருந்து வெளியேற்றிவிட்டு, பஞ்சாயத்துக்குச் சொல்லுங்கள்.
- இடுப்பளவுக்கு மேல் ஆழமான வாய்க்காலில் முட்டு கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள்.
- தண்ணீரை விட நினைக்கும் பழைய கிணற்றிலோ மூடிக்கிடந்த தொட்டியிலோ இறங்காதீர்கள். வேருக்கு நேர்ந்த ஆக்சிஜன் பஞ்சம் அங்கே மனிதனுக்கு நேரும். முதல் ஆள் விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் இரண்டாம் ஆளும் விழுவான். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.
- தேங்கிய நீரில் வேலை செய்தால் கம்பூட்டும் கையுறையும் போடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். தடுப்பு மாத்திரை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், நீங்களாக விழுங்காதீர்கள்.
- தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் வயரில் ஒட்டுப் போட்ட இடம் ஈரத்தில் கிடக்கக்கூடாது.
- ஏலமலைக் காடுகளில் செத்த நிழல் மரத்தை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். வெட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம் எந்த வேலை

- பிப்ரவரி, மார்ச்: மட்டம் பார்ப்பது, வெளிவாய் முடிவு செய்வது, மண் பரிசோதனை.
- ஏப்ரல், மே: வாய்க்கால், மேடு, அடிமண் விலக்குதல். முதலமடையில் மா அறுவடை முடிந்த கையோடு செய்துவிடலாம்.
- ஜூன் முதல் செப்டம்பர் வரை: வாரம் ஒருமுறை வாய்க்கால் அடைப்பு எடுப்பது, குழாயில் நீர்மட்டம் பார்ப்பது. மண்ணில் உரம் போட மழை இடைவெளிக்குக் காத்திருங்கள்.
- அக்டோபர், நவம்பர்: கிழக்கு எல்லைக்கு ஐப்பசி மழையும் உண்டு. முதலுதவி வரிசையைக் கையில் வைத்திருங்கள்.
- டிசம்பர், ஜனவரி: மறுபடி குழி தோண்டி வேர் எண்ணுவது.

அடுத்த தை மாதத்தில் அதே மரத்தடியில் அதே ஆழத்துக்குத் தோண்டுங்கள். வேரை அலசி, அதே வெள்ளைத் துணியில் பரப்புங்கள். பழைய நோட்டில் பத்துக்கு இரண்டு என்று எழுதியிருந்த இடத்தில் பத்துக்கு ஏழு என்று எழுத நேர்ந்தால் உங்கள் வேலை பலித்துவிட்டது. அன்றைக்கு உர மூட்டையைத் தாராளமாகப் பிரியுங்கள். போடுவதை வாங்கிக்கொள்ள வேர் தயாராக இருக்கும்.